சேரிக்கு வராத ஓ.டி.பி.

"எல்லாமே ஆன்லைன்ல இருக்கே, பாத்துக்க வேண்டியதுதானே?"

இந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கு யார் யாரெல்லாம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள் தோழர்களே. தலைமையாசிரியர் சொல்கிறார். கல்லூரி அலுவலகத்து எழுத்தர் சொல்கிறார். ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகத்தை நிமிர்த்தாமலே சொல்கிறார். நான் குமாஸ்தாவாக வேலை பார்க்கிற வங்கிக் கிளையில் பக்கத்து இருக்கைக்காரர் நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறார். சொல்லும்போது யார் குரலிலும் வன்மம் கிடையாது. சாதி வெறியனும் இல்லை, நல்ல மனுஷன். டீ வாங்கித் தருவார்.

இந்த வாக்கியத்துக்கு வயசு நூறுக்கு மேல். சென்னை மாகாணத்தில் பொதுப் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் பொது என்று சர்க்கார் காகிதத்தில் எழுதிவைத்திருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தை எங்கே வைத்தான்? அக்ரகாரத்தில் வைத்தான். கோயில் மண்டபத்தில் வைத்தான். ஊர்ச் சாவடித் திண்ணையில் வைத்தான். கதவு திறந்துதான் கிடந்தது. வர வேண்டியதுதானே என்றான். சேரிப் பிள்ளை அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது என்பது பள்ளிக்கூட விதியில் எங்கேயும் எழுதப்படவில்லை. தெருவுக்கு யார் விதி எழுதுவது? பொதுத்தெருவும் பொதுக்கிணறும் நமக்கும் பொது என்று சொல்லவைக்க 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1894இல் ஒல்காட் அடையாற்றில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும், 1920களில் லேபர் டிபார்ட்மென்ட் சேரிக்குள்ளேயே திறந்த பள்ளிகளும் அந்தத் திறந்த கதவு பொய் என்பதற்குச் சாட்சிகள். இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கிற ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே கிடக்கிறது.

அப்புறம் பள்ளிக்கூடம் சேரிக்கு வந்தது. இப்போது வாசல் மட்டும் இடம் மாறிவிட்டது. செல்போன் திரைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டு பயனர் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, உன் எண்ணுக்கு வந்த ஆறு இலக்கம் என்ன என்று கேட்கிறது.

கொரோனாவை மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல். 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, வாட்ஸ்அப்பில் பாடம் போனது, தனியார் பள்ளிக்காரன் சூம் வைத்தான். கொரோனாவுக்கு முன்பே, 2017-18இல், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு சொல்லியிருந்தது: நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருப்பது நூற்றுக்கு 5கூட இல்லை, இணைய வசதி நூற்றுக்கு 15. தெரிந்துகொண்டேதான் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். 2021 ஆகஸ்டில் ழான் த்ரேஸ் முதலானோர் தமிழ்நாடு உள்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடியிருப்புகளின் 1,400 பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். கிராமப்புற தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தது நூற்றுக்கு 4 பேர். மற்ற சாதிப் பிள்ளைகளில் 15 பேர். ஒரே கிராமப்புறம்தான், ஒரே ஏழ்மைதான். சாதி எங்கே சார் இருக்குது இப்பல்லாம் என்று கேட்பவனிடம் இந்த 4ஐயும் 15ஐயும் நீட்டுங்கள்.

2020 ஜூன் 1. கேரளத்தில் தொலைக்காட்சி வழியே வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புரம் மாவட்டத்தில் 14 வயது தலித் மாணவி ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். வீட்டில் டிவி பழுது, அப்பா கூலிக்காரர், ரிப்பேருக்குக் காசில்லை. எழுத்தறிவில் நாட்டுக்கே முதல் என்கிற மாநிலம் அது.

இப்போது பள்ளி திறந்துவிட்டது, பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் வங்கிக்கு ஜூன், ஜூலையில் வந்து பார்க்க வேண்டும். விழுப்புரத்துக்குத் தெற்கே, கரும்புக் காடும் செங்கல் சூளையும் இருக்கிற பகுதி. காலையில் ஷட்டர் தூக்கும்போதே வாசலில் முப்பது நாற்பது பெண்கள் நிற்பார்கள், கையில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ளே ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பிள்ளையின் பாஸ்புக், அதற்குள்ளே மடித்த ஒரு துண்டுச் சீட்டு. பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்தது: "என்.பி.சி.ஐ. ஆக்டிவ் செய்து வரவும்." அது என்ன என்று எழுதிக்கொடுத்தவருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ளுங்கள், நம் தோழர்களிலும் பலருக்குத் தெரியாது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்துவிட்டாலே உதவித்தொகை வந்துவிடாது. இந்த ஆதாருக்கு இந்த வங்கி என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் ஏற வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ அங்கேதான் பணம் போகும். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கூட்டமாக உட்காரவைத்து ஒரு வங்கியில் கணக்குத் தொடங்குகிறார்கள். பதினொன்றில் வேறு பள்ளி, வேறு வங்கி. நடுவில் செல்போன் கடைக்காரன் சிம் கொடுக்கும்போது கைரேகை வாங்கி இன்னொரு கணக்குத் தொடங்கியிருப்பான். கட்டுக்கதை இல்லை. 2017இல் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் சிம் சரிபார்ப்பு என்ற பேரில் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் தொடங்கி, லட்சக்கணக்கானோரின் எரிவாயு மானியம் அங்கே போய் விழுந்து, அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் அதன் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது நாடறிந்த செய்தி.

"சார், பணம் ஏறிடுச்சான்னு பாருங்க சார்."

"இல்லக்கா, இந்த பேங்குக்கு வரல. வேற எங்கயோ போயிருக்கு."

"வேற எங்க சார் போவும்? எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பேங்குதான் சார்."

இந்தப் பேச்சை ஒரே நாளில் பத்துப் பேரோடு பேசுகிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற நம் பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஒரு திட்டம் வைத்தார்கள். அந்த 500ஐ வாங்க ஒரு தாய் இரண்டு நாள் கூலியை விட வேண்டும், போக்குவரத்துச் செலவு தனி. மூன்றாவது தடவை வருவதற்குள் வேண்டாம் சாமி என்று விட்டுவிடுவார்கள். விட்ட பணம் எங்கே போகும்? 'பயனாளிகள் முன்வரவில்லை' என்று கோப்பில் போகும்.

அடுத்தது பேர். நம் பேரை யார் எழுதியது? பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதினார், ரேஷன் கார்டில் வி.ஏ.ஓ. சொல்லி எவனோ எழுதினான், ஆதாரில் ஒப்பந்தக் கூலிக்கு வந்த பையன் ஆங்கிலத்தில் தட்டினான். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பேரே முழுசாய். கணினிக்கு இது மூன்றும் மூன்று ஆள். எழுதியவர்கள் மூவரும் சம்பளம் வாங்கியவர்கள். பிழைக்காக அலைகிறவள் மட்டும் கூலிக்காரி. இதில் ஐந்து வயதிலும் பதினைந்திலும் பிள்ளையின் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும், பதினெட்டு முடிந்ததும் மைனர் கணக்கை மேஜர் ஆக்க வேண்டும். ஆக்காவிட்டால் கணக்கு முடங்கும். சரியாக அந்த வயதில்தான் பிள்ளை கல்லூரிக்குள் நுழைகிறது.

கல்லூரி உதவித்தொகையின் கதை தனி. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இலிருந்து இருக்கிறது. வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்துகொண்டு 1942இல் பாபாசாகேப் கொடுத்த கோரிக்கை மனுவின் விளைவு. யாரும் போட்ட பிச்சை கிடையாது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தி ஐந்தாண்டுக்கு 59,048 கோடி என்று அறிவித்தது. மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு வரும். கல்லூரிக் கட்டணம் உள்பட நேரே மாணவர் கணக்குக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. கல்லூரிக்காரன் அந்த 60 வரும்வரை காத்திருப்பானா? ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைக்கிறான். கணக்கோ 'சிறு கணக்கு'. அதில் ஆண்டு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது. கட்டணம் வருகிற அன்றைக்குக் கதவு சாத்திக்கொள்கிறது. நிற்கிற பணம் வெறும் எண் இல்லை. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செத்துப்போன ரோகித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், வர வேண்டியிருக்கிறது என்று கணக்கு எழுதிவைத்துவிட்டுப் போனான்.

கவிதை எழுதுகிறவன் என்பதால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'கடவுச்சொல்'. கடவு என்றால் வழி. வழிவிடுகிற சொல் என்று அழகாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை எப்படி அமைக்கச் சொல்கிறான்? ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி. தமிழில் ஏதடா பெரிய எழுத்து, சின்ன எழுத்து? தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை, தமிழ்நாட்டுப் பள்ளியில், தன் மொழியில் ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ள முடியாது. அதைத் தாண்டினால் கோணல்மாணலாய் நெளிகிற ஆங்கில எழுத்தைப் படித்துக் காட்டு, நீ மனுஷன்தான் என்று நிரூபி என்கிறான். நாம் மனுஷர்தான் என்று நிரூபிக்கச் சொல்வது இந்த மண்ணில் புதுசில்லைதான்.

ஓ.டி.பி.க்கு வருவோம். ஆதாரோடு சேர்ந்த எண் ஒன்றே ஒன்று. அந்த போன் அப்பனோடு பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறது. இங்கே பிள்ளை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறது, மணிக்கு இவ்வளவு என்று காசு ஓடுகிறது. ஆறு இலக்கம் அங்கே போய்ச் சேர்ந்து, அவன் சாந்துக் கையைத் துடைத்துவிட்டு எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ரீசார்ஜ் போடாமல் மூன்று மாதம் விட்டால் எண்ணே போய்விடும், வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நம் பிள்ளையின் கல்விச் சாவி யாரோ ஒரு முகம் தெரியாத ஆளின் சட்டைப் பையில் டிங் என்று அடிக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பதைக்கூட அறியாதவனா இதை வடிவமைத்தான்? அவன் வீட்டில் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. அவனுக்குத் தெரிந்த வீடு அவ்வளவுதான்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. உதவித்தொகை பள்ளிக்கூடத்தின் கைக்கு வந்த காலத்தில் தலைமையாசிரியன் தின்றான், வார்டன் தின்றான், இல்லாத பிள்ளையின் பேரில் கையெழுத்துப் போட்டுத் தின்றான். நேரே கணக்குக்கு என்பது அந்தத் திருட்டைக் குறைத்தது. அதைத் திருப்பிக் கேட்கிற மடத்தனம் நமக்கு வேண்டாம். ஆனால் அப்போது எழுத்தர் செய்த வேலை ஒன்று இருந்தது. படிவத்தை நிரப்புவது, சரிபார்ப்பது, சான்றிதழை இணைப்பது, பிழை திருத்துவது. அந்த வேலை இன்றைக்கு மறைந்துபோகவில்லை. அது அப்படியே சேரித் தாயின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது, சம்பளம் இல்லாமல். மிச்சம் வாத்தியார் தலையில். எமிஸில் விவரம் ஏற்றியே பாடம் நடத்த நேரமில்லாமல் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் போராடி வந்திருப்பது நியாயம்தான். இதற்குத்தான் 'எளிமையாக்கல்' என்று பேர் சூட்டுகிறார்கள். பள்ளிக்கு எமிஸ், கல்லூரிக்கு யூமிஸ், தில்லியிலிருந்து ஒரே நாடு ஒரே மாணவர் எண் என்று 'அபார்'. ஒவ்வொரு எளிமையும் இன்னொரு கணக்கு, இன்னொரு கடவுச்சொல்.

எளிமை முடியாத காரியமா? 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூ.ஆர். கட்டம் அச்சிட்டார்கள். போனைக் காட்டினால் பாடம் திறக்கும், பேர் கேட்காது, சாதி கேட்காது, ஓ.டி.பி. கேட்காது. வேறு நாடுகளில் சின்னப் பிள்ளைக்குக் கடவுச்சொல்லே கிடையாது, அடையாள அட்டையில் உள்ள கட்டத்தைக் கணினிக்குக் காட்டினால் அதன் கணக்கு திறந்துகொள்ளும். மறந்தால் வகுப்பு ஆசிரியரே அந்த நிமிடமே மாற்றித் தருவார். சாதிச் சான்று கொடுத்ததும் அரசு, வருமானச் சான்று கொடுத்ததும் அரசு, பிள்ளையை எமிஸில் ஏற்றியதும் அரசு. தன் வலது கையில் இருப்பதை இடது கையில் கொடுக்க, எதற்கு நடுவில் ஒரு கூலிக்காரி வருஷா வருஷம் நடக்க வேண்டும்?

இன்னொன்று, இதைப் பேச எனக்கே கூசுகிறது. "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரு. யாரு யாரு பாஸ்புக் கொண்டாரல?" வகுப்பின் நடுவில் இந்தக் குரலைக் கேட்காமல் படித்து வந்த தலித் உண்டா? 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பறையில் அறிவிக்கக் கூடாது என்றது. சரி. குரல் அடங்கினால் கணினிப் பட்டியல் பேசுகிறது. ஆதார் இணையாத பிள்ளைகள் என்று சாதிவாரியாய் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். வாத்தியார் ஒரு வகுப்பில் சொன்னது இப்போது ஊர் பூராவும் போகிறது. எந்தப் பிள்ளை எந்தச் சாதி என்று தேடித் திரிகிற கைக்கயிற்றுக்காரனுக்கு அரசே பட்டியல் தட்டித் தருகிறது.

நம் ஆட்களிடம் இதைப் பேசப் போனால் என்ன நடக்கிறது? ஒரு கூட்டத்தில் பேசினேன். "தோழர், இது குமாஸ்தாப் பிரச்சினை. நாம கருத்தியல் தளத்துல நிக்கணும்" என்றார் ஒருவர். நன்றாகப் படித்தவர், ஃபூக்கோவைக் கரைத்துக் குடித்தவர். அதிகாரம் எங்கெங்கோ நுண்மையாய்ப் பரவியிருக்கிறது என்று மூன்று கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த நுண்மை எங்கள் கவுண்டரில் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு எழுத்தில் தெரிகிறதே, அதைப் பார்க்க மட்டும் மாட்டார். அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த நம் பத்திரிகைகள் பாடத்திட்டத்தைக் கிழித்துப் போட்டன, இட ஒதுக்கீட்டைக் காத்தன, மொழியைத் தலைகீழாக்கின. அந்த வேலை பெரிது. ஆனால் பிள்ளை பள்ளிக்குள் நுழைந்த பிறகு அதை வெளியே தள்ளுகிற இயந்திரம் மாறிவிட்டது. அடியாள் வேண்டாம், தீண்டாமைச் சுவர் வேண்டாம், 'விவரங்கள் பொருந்தவில்லை' என்ற ஒரு வரி போதும். வழக்குப் போட எதிரியின் பேர்கூடக் கிடைக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கணினியைச் சேர்க்க முடியுமா?

சட்டமே இல்லாமல் நாம் நிற்கவில்லை. 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது, ஆதார் இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1 சுற்றறிக்கையில் சொன்னது: உதவித்தொகைக்கும் அரசு மானியத்துக்கும் தொடங்கிய இருப்பில்லாக் கணக்குகளைத் தனியே பிரித்துவைக்க வேண்டும், இரண்டு வருஷம் வரவு செலவு இல்லை என்று அவற்றை முடக்கக் கூடாது. இந்தச் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கிளை மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். குரல் இறங்கும். ஒரு தாய் தனியாய்ப் போய்க் கேட்டால் இறங்காது, பத்துத் தாய்களோடு நாலு மாணவர் போனால் இறங்கும். அனுபவத்தில் சொல்கிறேன், கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஆகவே, முகாம் போடுவதை ரத்த தானம் மாதிரி சமூக சேவை என்று நினைக்காமல் இயக்க வேலையாய் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, காலனி சமுதாயக் கூடத்தில், ஒரு கணினி, இரண்டு மாணவர். எந்தப் பிள்ளையின் ஆதார் எந்த வங்கியோடு நிற்கிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பிழை யாருடையது என்றும் எழுதுங்கள், வங்கியா, பள்ளியா, தாலுகாவா. பிள்ளைகளின் கடவுச்சொல்லை மட்டும் நாமும் எழுதிவைத்துக்கொள்ளக் கூடாது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கலெக்டர் குறைதீர் நாளுக்குப் போங்கள். தனித்தனி மனு வேண்டாம், ஊருக்கு ஒரு மனு. கேட்க வேண்டியது தெளிவாய் இருக்கட்டும். பதிவு பொருந்தவில்லை என்றால் பொருத்துவது அரசின் வேலை, அதுவரை பணம் நிற்கக் கூடாது. நிற்கிற காலத்துக்குக் கல்லூரி ஹால் டிக்கெட்டைப் பிடிக்கக் கூடாது. சின்ன வகுப்புக்குக் கடவுச்சொல் வேண்டாம், அட்டை போதும். மேல்வகுப்புக்குக் கடவுச்சொல் மாற்றும் உரிமை வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும், அப்பனின் போனில் வேண்டாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்று அரசுப் பள்ளிகளில் கணினிகளை இறக்கிவைத்திருக்கிறார்களே, சாயங்காலம் மணியடித்ததும் பூட்டுகிற அந்த அறையை ஏழு மணிவரை திறந்துவைக்கட்டும், சாவி காலனிக்காரர் ஒருவரிடமும் இருக்கட்டும். சாதிவாரிப் பட்டியல் எந்தச் சுவரிலும் எந்தக் குழுவிலும் வரக் கூடாது, வந்தால் அதை ஒட்டியவர்மேல் நடவடிக்கை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். மே மாதத்தில் நான்கு ஞாயிறு இருக்கிறது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கம் யார் முகாம் போட்டாலும் எழுதுங்கள், பத்திரிகை முகவரிக்கு. விடுமுறை நாளில் வந்து உட்கார எனக்குத் தடையில்லை. என்னைப் போல வங்கிகளில் வேலை பார்க்கிற நம்மவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.